பொய் சொல்லி உயரும் பிக்அப்



பிக்அப்பை உயர்த்துவது என்றால் இங்குள்ள பட்டறைகளில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு வழி உண்டு. ஹைலக்ஸ், டிரைட்டன் போன்ற வண்டிகளின் பின்பக்கத்தைப் பட்டை ஸ்பிரிங் தாங்குகிறது. அதற்கும் அச்சுக்கும் நடுவே இரும்புக் கட்டையைச் சொருகி, நீளமான யூ போல்ட்டால் முடுக்கினால் வண்டி எழும்பிவிடும். கட்டையை எடுத்தால் இறங்கிவிடும். ஒளிவுமறைவு இல்லாத வேலை.

அமெரிக்காவின் ரேம் 1500 பிக்அப்பின் கதை வேறு. 2013 மாடலிலிருந்து, கூடுதல் பணம் கொடுப்பவர்களுக்கு, நான்கு சக்கரங்களுக்கும் காற்று சஸ்பென்ஷன் கிடைத்தது. இரும்புச் சுருளுக்குப் பதில் தடித்த ரப்பர் பை. அதற்குள் நைட்ரஜன் வாயு. பொத்தானை அழுத்தினால் ஆள் ஏறி இறங்க வசதியாக இரண்டு அங்குலம் தாழும். கரடுமுரடான பாதையில் இரண்டு அங்குலம் உயரும்.

பிறகு எதற்காக இன்னும் உயர்த்த வேண்டும்? வேகம் கூடினால் வண்டி தானாகவே தாழ்ந்துவிடும். பெரிய டயர் மாட்ட விரும்புகிறவருக்கு எப்போதும் நிற்கும் உயரம் தேவை.

அதற்கு வழி ஒரு சின்னத் தண்டில் இருக்கிறது. ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் சேசிஸில் ஓர் உயர சென்சர் உண்டு. அதன் கையைச் சிறு தண்டு ஒன்று சஸ்பென்ஷனோடு இணைக்கிறது. அந்தத் தண்டின் நீளத்தை மாற்றிவிட்டால், வண்டி தாழ்ந்து கிடப்பதாக நினைத்துக் கணினி பைக்குள் வாயுவை ஏற்றும். நான்கு தண்டுகள், இரண்டு மூன்று ஸ்பேனர்கள், அரை நாள் வேலை. வெட்டவும் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம்.

ஆனால் ஏமாந்தது கணினி மட்டும்தான். தண்டு இரண்டு அங்குலம் தூக்கிய பிறகு, ஓட்டுநர் பழக்கதோஷத்தில் மேடுபள்ளப் பொத்தானையும் அழுத்தினால் மொத்தம் நான்கு அங்குலம். வண்டியைச் செய்தவர்கள் அந்த உயரத்தை நினைத்தே பார்க்கவில்லை. முன்சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் அதிகமாகச் சாய்ந்து, அதன் ரப்பர் உறை சீக்கிரம் கிழியும். கிரீஸ் வெளியேறி மணல் உள்ளே போகும். அப்சோர்பர் தன் எல்லை வரை நீண்டு, சிறு பள்ளத்திலும் 'டக்' என்று அடிக்கும். அதனால் விவரமானவர்கள் நீளத்தைத் திருகி மாற்றக்கூடிய தண்டை வாங்கி, ஒன்று ஒன்றரை அங்குலத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விற்பவர் சொல்லும் உயரம் முழுவதையும் எடுத்தே தீரவேண்டும் என்று யார் சொன்னது?

இதைவிடப் பெரிய ஆபத்து வேலை நடக்கும்போதே இருக்கிறது. சிஸ்டம் விழித்திருக்கும்போது பழைய தண்டைக் கழற்றினால் சென்சரின் கை தொங்கும், அல்லது தூக்கும். வண்டி உயர்ந்துவிட்டதாக நினைத்தால் கணினி வாயுவை இறக்கிவிடும். இரண்டு டன்னுக்கும் மேற்பட்ட எடை சத்தமில்லாமல் கீழே வரும். சாதாரண நிலையில் வண்டியின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடைவெளி 22 சென்டிமீட்டர்தான். கீழே படுத்திருப்பவரின் நெஞ்சுக்கு மேல் எத்தனை விரல் இடம் மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள். இதற்காகவே ரேம் வண்டியின் மெனுவில் டயர் ஜேக் மோட் என்று ஒன்று உண்டு. அதை முதலில் போட்டுவிட வேண்டும். அது தானியங்கி உயர மாற்றத்தை நிறுத்திவைக்கும். அதன்பிறகு சேசிஸை ஸ்டாண்டுகளின் மேல் உட்கார வைக்க வேண்டும். வெறும் ஜேக்கை நம்பி யாரும் கீழே நுழையக் கூடாது. வாயுக் குழாயில் கை வைக்கவே வேண்டாம்.

முடிந்ததும் சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து, இடம் வலம் சமமா என்று பார்க்க வேண்டும். அலைன்மென்ட்டும் செய்தாக வேண்டும். இல்லையென்றால் புது டயர் ஒருபக்கமாகத் தேயும்.

பலர் மறப்பது முன்விளக்கை. பின்பக்கத்தைவிட முன்பக்கம் ஓர் அங்குலம் கூடுதலாக உயர்ந்தால், 30 மீட்டர் தொலைவில் வெளிச்சம் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் மேலே போகும். எதிரே வரும் மோட்டார்சைக்கிள்காரருக்கு அது நேராகக் கண்ணில் விழும். வேலைக்கு முன்பே, சமதரையில் சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி, வெளிச்சத்தின் மேல்விளிம்பு விழும் இடத்தில் கோடு போட்டு, விளக்கின் உயரத்தையும் குறித்துக்கொள்ளலாம். பிறகு அதே இடத்தில் நிறுத்தி, விளக்கு எவ்வளவு உயர்ந்ததோ அதற்குமேல் வெளிச்சம் ஏறாதபடி விளக்கின் திருகாணியைத் திருப்பினால் போதும். பத்து நிமிட வேலை.