வரவேடும் நம்பிக்கையும்

(பெரகலயில் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



2022 ஜூனில் எரிபொருளும் உணவும் அருகியபோது, அரசாங்க ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்ய மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்க அமைச்சரவை இணங்கியது. வீட்டிலிருந்தே அலுவல் பார்க்கவும் பணித்தனர். நெருக்கடி தணிந்ததும் நாற்காலிக்குத் திரும்புக என்றனர். இடுக்கணில் நம்பத்தக்கவராயிருந்தோர் இன்று நம்பத்தகாதவரோ?

தோட்டத்திலே, பெரட்டுக்கு வந்தும் கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர். அங்கே வரவு மட்டும் வேலையாகாது. அலுவலகத்தில் மட்டும் எங்ஙனம் ஆகும்?

ஆயினும், ஒருநாட் சம்பளத்தை இழந்து, பிறப்புச் சான்றிதழுக்காக மலையிறங்கி வருபவள் வெறும் நாற்காலியைக் காணலாகாது. மக்களைச் சந்திக்கும் நாள்களில் அலுவலர் இருந்தே தீரவேண்டும்; ஏனைய நாள்களில் முடித்த வேலையே அளவுகோலாகட்டும். இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதுக! எழுதாத நம்பிக்கை சலுகை. சலுகை கேட்பாரின்றிப் பறிபோகும். எழுதியதே உரிமை!