சங்கக் கணக்கை அட்டவணையாக அமைத்தல்

(செஞ்சி வட்டாரத்து ஐக்கிய நாணயச் சங்க அங்கத்தினர்களுக்குரிய சொற்பொழிவு)



செஞ்சிக் கோட்டைக்குள் ராஜகிரியின் அடிவாரத்தில் நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. 1690 முதல் 1698 வரை மொகலாயர் சேனை இக்கோட்டையை முற்றுகையிட்டிருந்தது. முற்றுகைக்கு உள்ளான கோட்டையில் நெல் எத்தனை கலம் என்பதை மாத்திரம் அறிந்து பயனில்லை. உண்போர் எத்தனை பேர், எத்தனை நாளைக்குக் காணும் என்பவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தாலன்றி அக்கணக்கு உதவாது. ஐக்கிய சங்கத்தின் பணப்பெட்டிக்கும் இதுவே நியாயம்.

சங்கங்களில் கணக்கு இல்லாமல் இல்லை. ரொக்கச் சிட்டாவும் பேரேடும் எழுதப்பட்டே வருகின்றன. ஆயினும், "சங்கத்தின் நிலைமை யாது?" என்று மகாசபையில் ஒருவர் வினவினால், பேரேட்டைப் புரட்டி உடனே விடை கூற இயலாது. பேரேடு ஒவ்வொருவர் கணக்கையும் தனித்தனியே சொல்லும், முழுமையைச் சொல்லாது. முழுமையைச் சொல்வது அட்டவணையே.

அட்டவணை கிராமத்தாருக்குப் புதிதன்று. பஞ்சாங்கம் ஓர் அட்டவணை. கிராம அடங்கலும் அவ்வாறே: சர்வே நம்பர் கீழ்நோக்கி வரிசையாக வரும், விஸ்தீர்ணம், பயிர் முதலியவை பத்திகளாக நிற்கும். கர்ணம் உத்தியோகம் 1980-இல் எடுபட்ட பின்னரும், கிராம நிர்வாக அலுவலர் வசம் அடங்கல் நிலைத்திருக்கிறது. அதன் பயன் அத்தகையது.

உதாரணமாக, ஒரு சங்கத்திற்கு அவ்வருஷம் வரவேண்டிய தவணை 3,000 ரூபாய் என்றும், வசூலானது 2,100 ரூபாய் என்றும் வைத்துக்கொள்க. பாக்கி நூற்றுக்கு முப்பது. இதனைக் கேட்டோர், "இவ்வூரார் நாணயம் தவறியவர்" என்று எளிதிற் சொல்லிவிடுவர். அதே கணக்கைக் கடனின் காரணப்படி பிரித்தால் வேறு தோற்றம் காணப்படும்.

| காரணம் | டிமாண்டு ரூ. | வசூல் ரூ. | பாக்கி ரூ. |
|---|---|---|---|
| விதை, எரு | 1,200 | 1,050 | 150 |
| உழவு மாடு | 800 | 600 | 200 |
| கிணறு | 600 | 400 | 200 |
| பழங்கடன் தீர்த்தல் | 400 | 50 | 350 |
| மொத்தம் | 3,000 | 2,100 | 900 |

விதைக்கும் எருவுக்கும் வாங்கியவர்கள் நூற்றுக்கு எண்பத்தேழரை செலுத்திவிட்டனர். பழங்கடன் தீர்க்க வாங்கியவர்களோ அவ்வளவு வீதம் பாக்கி வைத்திருக்கின்றனர். ஆகவே, எல்லாருக்கும் கடனை நிறுத்துவது பரிகாரமன்று. விதைக் கடனை நிறுத்தினால் யோக்கியமாய்ச் செலுத்தியவனே தண்டனை பெறுவான். அவன் நிலம் தரிசாகும். பஞ்சாயத்தார் ஆராய வேண்டியது பழங்கடன் வகையையே. இவ்வுண்மை பேரேட்டிலும் இருந்தது. ஆனால் கண்ணுக்குப் புலப்படவில்லை.

அட்டவணை எழுதுவோர் கவனிக்கவேண்டியவை சில. தலைப்பில் எந்தச் சங்கம், எந்தத் தேதி வரை, ரூபாயா ஏக்கராவா என்பவை விளங்கவேண்டும். ஓர் இனம் ஒரே வகையில்தான் சேரவேண்டும். "50 வரை", "50 முதல் 100 வரை" என்று பிரித்தால் ஐம்பது ரூபாய் கடன்காரன் இரண்டிலும் புகுவான். "50-க்கு மேல் 100 வரை" என்பதே சரி. இல்லாத இடத்தில் "இல்லை" என்றும், விசாரித்தும் அறியாத இடத்தில் "தெரியவில்லை" என்றும் எழுதவேண்டும், இரண்டும் ஒன்றல்ல. "இதரவகை" பெருத்துவிட்டால் பகுப்பில் குறையுண்டு என்று அறிக. கீழ்நோக்கிக் கூட்டிய மொத்தமும் குறுக்கே கூட்டிய மொத்தமும் ஒத்துவராவிடில் அட்டவணையைச் சபைக்குக் கொண்டுவரலாகாது.

இன்னொன்று முக்கியம். வகைகளை வருஷந்தோறும் மாற்றக்கூடாது. செஞ்சி முன்னர்ச் சேர்ந்திருந்த தென் ஆற்காடு ஜில்லாவிலேயே இதற்குச் சான்று உண்டு. சென்னைச் சர்வகலாசாலையில் பொருளாதாரப் பேராசிரியராயிருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தம் மாணவர்களைக்கொண்டு சில கிராமங்களை ஆராய்வித்தார். அவற்றுள் ஒன்று அந்த ஜில்லாவைச் சேர்ந்த இருவேல்பட்டு. அவ்விவரங்கள் 1918-இல் புத்தகமாக வெளிவந்தன. பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் நடத்திய மறு ஆராய்ச்சி 1940-இல் வெளியாயிற்று. பின்னரும் 1961, 1981 ஆகிய வருஷங்களில் அவ்வூர் ஆராயப்பட்டது. முன்னோர் நிலம், பயிர், கடன், கூலி என்று வகைப்படுத்தி வைத்ததனாலன்றோ பின்னோர் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது! ஓர் ஊரின் இரண்டு தலைமுறை மாறுதலை இவ்வாறு அறியக்கூடுமானால், ஒரு சங்கத்தின் ஐந்து வருஷ மாறுதலை அறிவது அரிதன்று.

1904-ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ்த் தோன்றிய கிராமச் சங்கங்கள் பெரும்பாலும் வரம்பற்ற பொறுப்புடையன. ஒருவன் பாக்கி அனைவர் தலையிலும் விழும். அப்பொறுப்பு பின்னாளில் சுருங்கிற்றாயினும், சங்கம் நொடித்தால் அங்கத்தினரின் பங்குத் தொகைக்கு இன்றும் ஆபத்துண்டு. ஆகையால் கணக்கறிவது காரியதரிசியின் வேலை மாத்திரமன்று. அடுத்த மகாசபையில் மேற்கண்ட அட்டவணையைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் மாட்டும்படி ஒவ்வோர் அங்கத்தினரும் கேட்பாராக. எழுத்தறியாதாருக்கு அதனை உரக்கப் படித்துக் காட்டுவது எழுத்தறிந்தோர் கடமை.