இருந்தவள் அறிந்த வழி
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'பாலைத் திணையில் பிரிவு' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் எனக்கு எழுதியிருந்தார். இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். இங்கும் அதையே பேசினால் கவிஞர்கள் கொட்டாவியை மறைக்கப் படும் பாட்டை நான் காண நேரும். ஆகவே, பொருளைக் கைவிடாமல் வேறு வழியாக அதனிடம் வந்துசேர இசைவு கேட்டேன், கிடைத்தது. அந்த வழி ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர் நீளமுடையது.

2022ஆம் ஆண்டு மே மாத இறுதியில் நாங்கள் ஐவர், என் கணவர், மகன், மகள், மாமியார், நான், கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் இடைப்பட்ட எங்கள் சிற்றூரிலிருந்து மத்தியப் பிரதேசத்து ஜபல்பூர் வரை காரில் சென்றோம். (மகிழுந்து என்று மாணவியருக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். ஆனால் ஐந்து பேரும் மூட்டை முடிச்சுகளும் ஐந்து நாள் அதற்குள் அடைந்து கிடந்தபின் அச்சொல்லை வழங்க மனம் வரவில்லை.)

பயணத்துக்குக் காரணமானவர் என் மாமியார். எழுபத்தைந்து வயது, எழுதப் படிக்கத் தெரியாதவர். எங்கள் ஊர் நெடுஞ்சாலையை ஒட்டியது. ஒருநாள் மாலை திண்ணையில் அமர்ந்திருந்தவர் பேத்தியிடம், "இந்த ரோடு எங்கிட்டுப் போயி முடியுது?" என்று கேட்டார். அவள் கைப்பேசியில் தேடிப் பார்த்துச் சொன்னாள்: "ஆச்சி, இதுக்கு முன்னாடி நம்பர் 7. கன்னியாகுமரியில இருந்து காசி வரைக்கும் போச்சு. 2010ல நம்பரை மாத்திட்டாங்க. நடுவுல ஜபல்பூர் வருது." மாமியார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஒங்க தாத்தா இருந்த ஊருக்கா? நம்ம வாசல்ல இருந்தேவா?" என்றார்.

என் மாமனார் 1970 முதல் 1996 வரை ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் பணியாற்றினார். இராணுவத்துக்குச் 'சக்திமான்' லாரிகள் செய்த தொழிற்சாலை அது. ஆண்டுக்கு ஒரு மாத விடுப்பில் ஊர் வருவார். இருபத்தாறு ஆண்டுகள், இருபத்தாறு மாதங்கள். மாமியார் ஒருமுறையும் அங்குச் சென்றதில்லை. நான்கு ஏக்கர் கரிசல், படுக்கையில் கிடந்த அவருடைய மாமியார், இரண்டு பிள்ளைகள் எனக் காரணங்கள் இருந்தன. ஊரில் வேறு காரணமும் பேசினார்கள். அதை இங்கு விரிக்க வேண்டியதில்லை. 2011இல் மாமனார் மறைந்தார். என் கணவருக்குத் தந்தைமீது தீராத மனக்குறை ஒன்றுண்டு: 'எங்களை ஒருநாளும் கூப்பிட்டுக்கொள்ளவில்லை' என்பது. இந்தப் பயணத்துக்கும் அவர் எளிதில் இசையவில்லை. தாயின் முழங்கால் இரயில் படி ஏறாது என்றார். காரில் போகலாம் என்று மகன் சொன்னபின் மறுக்க வழியில்லாமற் போயிற்று.

நிற்க. அகநானூற்றின் நானூறு பாடல்களுள் இருநூறு பாலைத் திணை; ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் யாவும் பாலையாக அமையுமாறு அத்தொகையை அடுக்கியிருக்கிறார்கள். அப்பாடல்களில் காட்டுவழி வெகு நுட்பமாக வருகிறது. யானை உரித்த மரப்பட்டை, வற்றிய சுனை, வழியில் இறந்தோரை மூடிய கற்குவியல், மொழி வேறுபட்ட நாடு எல்லாம் வருகின்றன. இவற்றுட் பலவற்றைச் சொல்பவள் வீட்டிலிருக்கும் தலைவி, அல்லது அவளுடைய தோழி. அவ்வழியில் ஓரடியும் வைக்காதவள் அதனை எவ்வாறு அறிந்தாள்? மாணவியர் ஆண்டுதோறும் இதைக் கேட்பர். 'புலனெறி வழக்கம்' என்று சொல்லிவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுவேன். அந்த விடை தேர்வுக்குப் போதும்.

விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். மாமியார் முந்தானையில் ஒற்றை ரூபாய் நாணயங்களை முடிந்து வைத்திருந்தார், வழியில் வரும் ஆறுகளுக்கு இட. காவிரியில் நீர் இருந்தது. கர்னூலில் துங்கபத்திரை பெரும்பாலும் பாறையும் மணலும். "தண்ணி வரும்போது எடுத்துக்கிடட்டும்" என்று சொல்லிப் போட்டார். இலக்கணத்தார் பாலைக்கு வகுத்த பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல். அனந்தபூரைத் தாண்டியபின் அந்த இலக்கணம் கார்க்கண்ணாடி வழியே சுட்டது.

ஒன்றைக் கவனித்தேன். ஓசூர், பெங்களூர், அனந்தபூர், கர்னூல் என்று நாங்கள் பெயர் சொல்லச் சொல்ல, மாமியார் எதையோ எதிர்பார்த்து ஏமாறுபவர்போல் இருந்தார். "விசயவாடா எப்ப வரும்?" என்றார். அது இவ்வழியில் வராது என்றான் என் மகன். "வரங்கல்லு?" அதுவும் வராது. "அப்ப இது வேற வழி" என்று சொல்லிச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமனார் சென்றது இரயில் வழி. அப்பெயர்களை அவர் வாயிலாகக் கேட்டிருப்பார் என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம்.

மொழி மாறும் நாட்டில் முதலில் வாய் திறந்தவரும் அவர்தான். கூத்தியை அடுத்த ஒரு தேநீர்க் கடையில் நான் ஆங்கிலத்தில் வெந்நீர் கேட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தேன். அவர் பின்னாலிருந்து தெலுங்கில் கேட்டார். எங்கள் பக்கம் பல வீடுகளில் தெலுங்கு பேசுவார்கள். பருத்திக்காட்டில் களையெடுக்கும்போது கேட்டுப் பழகிய மொழி. கடைக்காரப் பெண் சிரித்தாள். என் பாட்டி பேசியதுபோல் இருக்கிறது என்று அவள் சொன்னதாக மாமியார் எனக்கு மொழிபெயர்த்தார். முனைவர் பட்டம் பெற்ற நான் அவர் வாய்மொழிபெயர்ப்புக்காகக் காத்து நின்றேன்.

ஐதராபாத்தைக் கடந்து, நிர்மலுக்கருகில் கோதாவரியையும் கடந்தபின் தேக்கங்காடு வந்தது. ஓரிலையும் இல்லை. காடு தன் இயல்பு திரிந்து பாலையாகும் என்று இளங்கோவடிகள் கூறியதை எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். கண்ணால் கண்டது அன்றுதான். பெண்கங்கை ஆற்றைத் தாண்டினால் மகாராட்டிரம். அங்கிருந்து இருபுறமும் கறுத்த மண், உழுது மழைக்குக் காத்துக் கிடந்தது. மாமியார் காரை நிறுத்தச் சொன்னார். இறங்கி ஒரு கட்டியை எடுத்து உடைத்து, உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்தார். "நம்ம கரிசலு" என்றார். பருத்தி விளையும் மண்தான் அது. "இம்புட்டுத் தூரம் வந்தும் இதே மண்ணுல இருந்து பாடுபட்டவுக ஒருத்தருகூட அங்க வந்து சொல்லலியே" என்று வியந்தார். அக்கட்டியில் ஒரு துண்டு பிறகு எங்கள் முறுக்கு டப்பாவில் கிடந்தது.

நாகபுரியில்தான் அவருடைய வழியும் எங்கள் வழியும் கூடின. பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இங்க ஆரஞ்சு வாங்கணும். இதுக்கு முந்தி பல்லார்ஷா. இதுக்குப் பெறகு இட்டார்சி. அங்க எறங்கி வண்டி மாறணும்" என்றார். நல்ல மாணவி ஒப்பிக்கும் ஒழுங்கில் சொன்னார். கணவர் கண்ணாடியில் தாயைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

நாகபுரிக்கு வடக்கே சாலையிலிருந்து சற்று விலகியிருக்கிறது இராம்டெக் குன்று. காளிதாசரின் மேகதூதத்தில் வரும் இராமகிரி இதுவே என்பது அறிஞர் பலர் கருத்து. கடமை தவறியதால் ஓராண்டு மனைவியைப் பிரிந்திருக்கச் சாபம் பெற்ற இயக்கன், இம்மலையிலிருந்து மேகத்துக்கு வழி சொல்லி அனுப்புகிறான். எந்த ஆற்றில் நீர் பருகலாம், எந்த மாடத்தில் இளைப்பாறலாம் என்று சொல்வதால் அதை வடமொழியின் ஆற்றுப்படை என்று நான் மாணவியரிடம் சொல்வதுண்டு. அதில் மனைவி, எஞ்சிய நாள்களை வாயிற்படியில் பூ வைத்து எண்ணுகிறாள். திருக்குறளில் 127ஆம் அதிகாரத்துத் தலைவி சுவரில் நாள் குறித்துக் குறித்து விரல் தேய்கிறாள். குன்றின்மேல் நின்று இவற்றை மாமியாருக்குச் சொன்னேன். "நீங்க எதை வச்சு எண்ணுனீங்க அத்தை?" என்று கேட்டேன். "மணியார்டர் துண்டைக் கம்பியில குத்தி வப்பேன். காயிதமும் அதுலதான். கம்பி நெறஞ்சா ஒரு வருசம்" என்றார். சற்று நிறுத்தி, "ஒரு காயிதம் மட்டும் குத்தல" என்றார். கீழே இறங்கிவிட்டோம்.

பெஞ்சுக் காட்டை, விலங்குகள் கீழே கடப்பதற்காக உயர்த்திக் கட்டிய பாலங்களின்மேல் கடந்தோம். கிப்ளிங்கின் காட்டுக்கதைகள் இந்தச் சிவனி மலைப்பகுதியில் நடப்பவை என்று என் மகள் மகிழ்ந்தாள். ஒரு குரங்கு மட்டும் காட்சி தந்தது. இலக்னாதோனில் 44ஆம் எண் சாலையை விட்டு 34ஆம் எண் சாலையில் திரும்பினோம். தில்வாரா காட் பாலத்தில் நருமதைக்கு மாமியார் கையிலிருந்த எல்லா நாணயங்களையும் போட்டார்.

மாமனார் இருந்த குடியிருப்பைக் கண்டுபிடிக்க அரை நாள் ஆயிற்று. அவ்வீட்டில் இப்போதிருந்த அம்மையார், நாங்கள் கைச்சாடையாலும் என் மகனின் அரைகுறை இந்தியாலும் சொன்னதை விளங்கிக்கொண்டு உள்ளே அழைத்தார். மாமியார் முன்னறையில் நிற்கவில்லை. நேரே அடுப்படிக்குச் சென்றார். இரண்டு பேர் நின்றால் மூன்றாமவருக்கு இடமில்லாத அடுப்படி. திண்டைக் கையால் தடவினார். "இதுலயா பொங்கித் தின்னாக" என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். குழாயைத் திறந்து மூடினார். கொல்லைக் கதவு எந்தப் பக்கம் என்று பார்த்தார். குடிபுக வந்தவர் வீடு பார்ப்பதுபோல் அவர் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. அந்த அம்மையார் கொடுத்த தண்ணீரை முழுதும் குடித்தார்.

அன்றிரவு விடுதியில், மகனைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவர் சொன்னதை அவர் சொற்களிலேயே தருகிறேன்: "அவுக கூப்பிடலன்னு நீ நெனச்சுக்கிட்டிருக்க. கூப்பிட்டாக. ஒனக்கு அஞ்சு வயசு. கோட்டர்சு கெடச்சிருச்சு, புள்ளைகளக் கூட்டிக்கிட்டு வான்னு காயிதம் போட்டாக. தபால்காரர்தான் வாசிச்சாரு. மூணு வாட்டி வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். நாந்தான் வரலன்னு எழுதச் சொன்னேன். ஒங்க ஆச்சி கெடையில கெடந்தா. அது ஒண்ணு. பாசை தெரியாத ஊர்ல வாயில்லாப் பூச்சியாக் கெடக்கணுமேன்னு பயந்துக்கிட்டேன். அதுதான் பெருசு. அவுக அதுக்குப் பெறகு கேக்கல. ஒங்ககிட்டச் சொல்லவும் இல்ல."

என் கணவர் எழுந்து வெளியே சென்றார். நெடுநேரம் கழித்து வந்தார். அவர் வங்கியில் பணிபுரிபவர். கணக்கு நேராகாத நாள்களில் எப்படியிருப்பாரோ அப்படியிருந்தார்.

தலைவன் அழைக்கத் தலைவி மறுத்த இச்செய்தியை எத்துறையில் அடக்குவது என்று திரும்பும் வழியெல்லாம் எண்ணிப் பார்த்தேன். உடன்போக்கு உண்டு. தலைவி உடன்வர விரும்பத் தலைவன் காட்டின் கொடுமை கூறி விலக்குவது உண்டு. அவள் வருந்தக்கண்டு அவன் செலவைக் கைவிடுவதும் உண்டு. எனக்குத் தெரிந்த துறை எதிலும் மாமியார் அடங்கவில்லை. பாலைத் தலைவியைப் 'பிரியப்பட்டவள்' என்றே நான் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன். சென்ற ஆண்டிலிருந்து அவ்வாறு சொல்ல நா எழவில்லை. 'இருந்தவள்' என்கிறேன். தேர்வுத்தாள் திருத்துவோர் இதனை ஏற்பார்களா என்று ஒரு மாணவி கேட்டாள். ஏற்கமாட்டார்கள் என்றுதான் சொன்னேன்.

ஊர் திரும்பிய மறுநாள், மாமியார் தகரப் பெட்டியைத் திறந்து, துணிக்கடியிலிருந்து அந்த உள்நாட்டு அஞ்சலை எடுத்து மகனிடம் கொடுத்தார். 1978ஆம் ஆண்டு முத்திரை. மடிப்புகளில் கிழிந்திருந்தது. நாற்பத்தொன்பது வயது மகன் திண்ணையில் அமர்ந்து தாய்க்கு உரக்க வாசித்தார். அழைப்பு இரண்டு வரிதான். மீதியெல்லாம் வழி. கோவில்பட்டியில் எந்த வண்டி ஏறுவது, எழும்பூரில் இறங்கிச் சென்ட்ரலுக்கு எப்படிப் போவது, விசயவாடாவில் இட்லி கிடைக்கும், வரங்கல் இரவில் வரும், நாகபுரியில் ஆரஞ்சு வாங்கு, இட்டார்சியில் இறங்கி அசையாமல் நில், நான் அங்கு வந்திருப்பேன். தண்ணீர் வேண்டுமானால் 'பானி' என்று கேள்.

மாமியார் ஒவ்வோர் ஊர்ப் பெயரையும் அவர் வாசிக்குமுன்பே சொல்லிக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் கணவர் நிறுத்திவிட்டார். நான் வாங்கிப் பார்த்தேன். 'பல்லார்ஷாவில் வண்டி அதிக நேரம் நிற்கும். தண்ணீர் நன்றாயிருக்கும். சின்னவனை எழுப்பிக் குடிக்கக் கொடு' என்று இருந்தது. அந்தச் சின்னவன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கடிதத்தைத் திரும்ப வாங்கி, விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.