ஆபரேஷன் நல்லா நடந்ததுன்னு யார் சொல்லணும்?

(மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக் கூட்டத்தில் செவிலியர் ஒருவர் நம் உறுப்பினர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் மார்பில் கட்டி இருக்கான்னு நாமே பார்த்துக்கொள்வது பற்றிப் பேசினோம். முடிந்து சாப்பிடப் போகும்போது ஒரு சகோதரி என்னைத் தனியா கூப்பிட்டாங்க. ஒரு பக்க மார்பகத்தை எடுத்து இரண்டு வருஷம் ஆகுது. துணியில் பஞ்சைச் சுற்றி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டுதான் கூட்டத்துக்கு வந்து போயிட்டு இருக்காங்க. "சிஸ்டர், மறுபடியும் மார்பு வச்சுத் தரலாம்னு டாக்டர் சொல்றாரு. நல்லா செய்வாங்களான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்று கேட்டாங்க. அன்னைக்கு எனக்குச் சரியான பதில் சொல்லத் தெரியலை. அதைச் சொல்லத்தான் இன்னைக்கு வந்திருக்கேன்.

இதற்கு மார்பகச் சீரமைப்பு என்று பெயர். சிலிக்கோன் பை வைத்துச் செய்வது ஒரு வகை. நம்ம வயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ சதையை எடுத்து மார்பு மாதிரி அமைப்பது இன்னொரு வகை. மார்பகத்தை எடுக்கும் அன்றைக்கே செய்யலாம், பிறகும் செய்யலாம். செய்யாமலே விடுவதும் ஒரு வழிதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, நல்லா செய்தாங்களான்னு எப்படி அளப்பது? நம்ம குழுவுக்குக் கிரேடிங் பண்ண வங்கியிலிருந்து வந்ததை நினைச்சுப் பாருங்க. "குழு எப்படி நடக்குது?"ன்னு கேட்டா "ரொம்ப நல்லா நடக்குது சார்"னு எல்லாரும் ஒரே குரலில் சொல்வோம். அதோடு அவர் எழுந்து போயிடுவாரா? தீர்மான நோட்டைப் பார்ப்பார். எத்தனை பேர் கூட்டத்துக்கு வர்றாங்க, சேமிப்பு ஒழுங்கா ஏறுதா, உள்கடன் திரும்பி வந்துச்சா என்று புரட்டிப் புரட்டிப் பார்ப்பார். ஆபரேஷனுக்கும் அந்த மாதிரி நோட்டு வேண்டும்.

இங்கிலாந்து நாட்டு டாக்டர்கள் அப்படி ஒரு நோட்டு போட்டாங்க. 2014 முதல் 2016 வரை 81 மருத்துவமனைகளில், செயற்கைப் பை வைத்துச் சீரமைப்பு செய்துகொண்ட 2,108 பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். மூன்று மாதத்துக்குள் 100 பேரில் 25 பேருக்குச் சீழ், கிருமித்தொற்று என்று வைத்தியம் தேவைப்பட்டது. 18 பேர் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர வேண்டி வந்தது. 18 பேருக்கு மறுபடி ஆபரேஷன். 9 பேருக்கு வைத்த பையையே எடுக்க வேண்டியதாயிற்று. அவங்க வைத்திருந்த தரக் கணக்குப்படி கிருமித்தொற்று 10-க்குள் இருக்கணும், மற்ற மூன்றும் 5-க்குள் இருக்கணும். எல்லாமே எல்லை தாண்டிப் போயிருந்தது. இதை 2019-ல் அவங்களே மருத்துவப் பத்திரிகையில் வெளியிட்டாங்க. அங்கே டாக்டர்கள் மோசம் என்று இதைக் கேட்டுட்டுப் போய்ச் சொல்லிடாதீங்க. எண்ணிப் பார்த்ததால் தெரிந்தது, அவ்வளவுதான். எண்ணாத இடத்தில் எல்லாமே நல்லா நடக்கிற மாதிரிதான் தெரியும்.

ஆனா வெறும் கணக்கைப் பார்த்தும் ஏமாறலாம். வசதியானவங்களை மட்டும் சேர்த்த ஒரு குழு நூற்றுக்கு நூறு கடன் கட்டிடும். கூலி வேலைக்குப் போறவங்களையும் சேர்த்த குழுவில் ஒன்றிரண்டு தவணை பிந்தும். எது நல்ல குழு? சர்க்கரை நோய் உள்ளவங்க, உடல் பருமன் உள்ளவங்க, மார்பில் கரண்டு வைத்தவங்க, அதாவது கதிர்வீச்சு எடுத்தவங்க, இவங்களுக்குப் புண் ஆறுவது கஷ்டம். இவங்களைத் திருப்பி அனுப்புகிற ஆஸ்பத்திரியின் கணக்கு அழகாத்தான் இருக்கும். அதேபோல, பத்தே பேருக்குச் செய்த டாக்டரிடம் ஒருத்தருக்குக் கெட்டுப்போனாலும் அது 10 சதவீதம். அதை வைத்து நல்லவர், கெட்டவர் என்று சொல்ல முடியாது.

இன்னொன்று இருக்கு, அதுதான் எனக்கு முக்கியமாப் படுது. தையல் ஆறிடுச்சு, காய்ச்சல் இல்லை, டிஸ்சார்ஜ். டாக்டர் கணக்கில் வெற்றி. அந்தப் பெண்ணைக் கேட்டாங்களா? இதற்காகவே ஆண்ட்ரியா பூசிக், ஆன் கிளாசன் ஆகியோர் சேர்ந்து பெண்களிடம் பேசிப் பேசி ஒரு கேள்வித்தாள் தயாரித்து 2009-ல் வெளியிட்டார்கள். அதன் பெயர் பிரெஸ்ட்-கியூ. கண்ணாடியில் பார்க்கும்போது எப்படி இருக்கு, உள்ளாடை சரியா உட்காருதா, கையைத் தூக்க முடியுதா, வலி இருக்கா, தாம்பத்தியத்தில் எப்படி, விவரமெல்லாம் முன்னாடியே சொன்னாங்களா என்று கேட்கும். 0 முதல் 100 வரை மதிப்பெண். குடம் தூக்க முடியுதான்னு அதில் கேள்வி இல்லை. அதை நாம சேர்த்துக்கலாம்!

இப்படிக் கேட்டதில் ஒரு விஷயம் வெளியே வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 11 மையங்களில் பெண்களை இரண்டு வருஷம் வரை கவனித்துக் கேட்டார்கள். சொந்தச் சதையில் செய்தவங்களுக்குத்தான் சிக்கல் கூடுதலா வந்திருந்தது. ஆனால் இரண்டு வருஷம் கழித்து மார்பைப் பற்றித் திருப்தி கூடுதலா சொன்னதும் அவங்கதான். மூன்று மாதத்தோடு நோட்டை மூடியிருந்தால் இது தெரிந்திருக்குமா?

அந்தச் சகோதரிக்கு நான் சொல்வது இதுதான். ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளும் முன்னே டாக்டரைக் கேளுங்க. போன வருஷம் இந்த ஆபரேஷன் எத்தனை பேருக்குச் செய்தீங்க? அதில் எத்தனை பேரை மூன்று மாதத்துக்குள் மறுபடி தியேட்டருக்குக் கொண்டு போனீங்க? எனக்குச் சர்க்கரை இருக்கு, கரண்டு வைத்திருக்காங்க, அப்போ எனக்கு எப்படி? பையை எடுக்க வேண்டி வந்தா அந்தச் செலவு யாருடையது? ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் கழித்துக் கூப்பிட்டு விசாரிப்பீங்களா? இதே ஆபரேஷன் செய்துகொண்ட ஒருத்தர் சம்மதித்தால் அவரோடு பேச வைப்பீங்களா?

(அப்போது ஒரு உறுப்பினர் எழுந்து, "இப்படியெல்லாம் கேட்டா டாக்டர் கோவிச்சுக்க மாட்டாரா?" என்று கேட்டார்.)

சிலர் கோவிச்சுக்குவாங்க, இல்லைன்னு சொல்ல மாட்டேன். கணக்கு வைத்திருக்கிறவர் நோட்டை எடுத்துப் பதில் சொல்வார். கணக்கு இல்லாதவர் "என்னை நம்பும்மா" என்பார். தனியா போகாதீங்க, குழுவிலிருந்து ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. அவர் சொல்ற பதிலை அங்கேயே எழுதிக்குங்க. அடுத்த கூட்டத்துக்கு அந்த நோட்டைக் கொண்டு வாங்க, உட்கார்ந்து சேர்ந்தே படிப்போம்.