வெறும் லொறியும் நம்ம வீட்டு அடுப்பும்

(தோட்டச் சாரதிகளும் நலன்புரிக் குழு அங்கத்தவர்களும் குடும்பத்தினரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



“லொறியைப் பத்திப் பேசுறதுக்கு எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க? அது கம்பனி காரியம், துரை காரியம்” என்று பின்வரிசையில் ஓர் அம்மா கேட்டது எங்கள் காதிலும் விழுந்தது. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறோம். பதில் இங்கே மலையில் இல்லை. திருகோணமலைத் துறைமுகத்தில் தொடங்குகிறது.

கோணேசர் கோயிலுக்குப் போய் வந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அந்தத் துறைமுகக் குடாவில், சீனன்குடாவில், பிறிமா மா ஆலை இருக்கிறது. 1980 முதல் அங்கே மா அரைக்கிறார்கள். கோதுமை கப்பலில் வந்து இறங்கி, மாவாகி, மூட்டையாக வெளியே போகிறது. நம்ம லயத்து அடுப்பில் வேகிற ரொட்டிக்கு அங்கிருந்தும் மா வருகிறது. கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி என்று ஏறி ஹற்றன் பக்கம் வந்து சேர ஏறக்குறைய 250 கிலோமீற்றர்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். விளங்கிக்கொள்வதற்காக நாங்களே எடுத்துக்கொண்ட எண்கள் இவை. 10 தொன் மா ஏற்றிய ஒரு லொறி, சராசரியாக ஒரு லீற்றர் டீசலுக்கு 5 கிலோமீற்றர் ஓடுகிறது. போக 250, வர 250, மொத்தம் 500 கிலோமீற்றர். டீசல் 100 லீற்றர். லீற்றர் 300 ரூபாய் என்றால் 30,000 ரூபாய். அதை 10,000 கிலோ மாவுக்குப் பிரித்தால் கிலோவுக்கு 3 ரூபாய்.

லொறி வெறுமனே திரும்பிப் போனால் இந்த 3 ரூபாயும் மாவின் தலையில்தான். அதே லொறி கரட், கோவா, லீக்ஸ் என்று ஏதாவது ஏற்றிக்கொண்டு திரும்பினால், பாதிச் செலவை மரக்கறி சுமந்துவிடும். மாவுக்கு ஒன்றரை ரூபாய் போதும். மாதம் 20 கிலோ மா வாங்கும் வீட்டுக்கு 30 ரூபாய். 300 குடும்பமுள்ள தோட்டத்துக்கு மாதம் 9,000 ரூபாய். அந்தக் காசு அப்படியே நம் கைக்கு வந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. நடுவில் எத்தனையோ கைகள் இருக்கின்றன. ஆனால் வெறும் ஓட்டத்தின் செலவை யாராவது கட்டியே ஆகவேண்டும். வரிசையில் கடைசியாக நிற்பவர்கள் நாம்தான்.

இன்னொன்றும் அதே சீனன்குடாவில் இருக்கிறது. வெள்ளைக்காரர் தங்கள் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்க் குதங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டதையும் தாண்டி நின்றவை. 2022 ஜனவரியில் இந்தியாவோடு செய்த உடன்படிக்கையில் 99 குதங்களைக் கணக்கில் எடுத்தார்கள்.

அவ்வளவு பெரிய குதங்கள் உள்ள நாட்டில், அதே 2022இல் என்ன நடந்தது? மறந்திருக்க மாட்டீர்கள். எண்ணெய் வாங்க டொலர் இல்லை. ஜூன் 26ஆம் திகதி டீசல் லீற்றர் 460 ரூபாய் ஆனது. மறுநாள், ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைக்கு மட்டுமே எரிபொருள் என்று அறிவித்தார்கள். பிறகு கியூஆர் அட்டை வந்தது. ஆரம்பத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், ஆட்டோவுக்கு 5 லீற்றர், லொறிக்கு 50 லீற்றர். நம்ம கணக்கை இதோடு வைத்துப் பாருங்கள். 50 லீற்றரில் 250 கிலோமீற்றர். சீனன்குடாவிலிருந்து ஹற்றனுக்கு வர மட்டும் போதும். திரும்பிப் போக டீசல் இல்லை!

அந்த நாட்களில் லொறி வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் யோசிக்க வேண்டி வந்தது. இந்தப் பயணம் அவசியமா? இரண்டு வேலையை ஒரே ஓட்டத்தில் முடிக்கலாமா? வரும்போது எதை ஏற்றலாம்? 2023 செப்டெம்பர் முதலாம் திகதி அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். அதோடு அந்த யோசனையையும் பலர் கைவிட்டுவிட்டார்கள். அது பெரிய தவறு என்று நினைக்கிறோம்.

சரி, நம்ம தோட்டத்துக்கு வருவோம். இங்கே முதலில் வேண்டியது ஒரு கொப்பி. புறப்படும்போது மீற்றர் எவ்வளவு, திரும்பும்போது எவ்வளவு, எத்தனை லீற்றர் அடித்தோம், என்ன ஏற்றினோம், யார் அனுப்பினார்கள், என்ன கோளாறு. இந்த ஆறு விஷயமும் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எழுதப்பட வேண்டும். வாரக் கடைசியில் ஓடிய கிலோமீற்றரை லீற்றரால் வகுத்துப் பார்த்தால் வண்டியின் உடம்பு தெரிந்துவிடும். 5 ஓடிய லொறி 4 ஓடினால் ஏதோ நோய் பிடித்திருக்கிறது.

அப்படிக் குறைந்தவுடனே சாரதியைத் திருடன் என்று பார்க்கக் கூடாது. டயரில் காற்றுக் குறைந்திருக்கலாம். காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். பிரேக் இறுகிப் பிடிக்கலாம். கிளட்ச் வழுக்கலாம். மழையில் பாதை பழுதாகி, முதலாம் கியரிலேயே ஏறியிருக்கலாம். இதையெல்லாம் பார்த்த பிறகுதான் மற்றப் பேச்சு. ஒழுங்காக எழுதிய கொப்பி நேர்மையான சாரதிக்குச் சாட்சி. அதனால் சாரதி அண்ணன்மாரே, யாரும் கேட்காவிட்டாலும் எழுதி வையுங்கள்.

அடுத்தது கொழுந்து லொறி. ஒரு கிலோ தேயிலைக்கு நாலரை முதல் ஐந்து கிலோ வரை பச்சைக் கொழுந்து போகிறது. மூட்டையில் அமுங்கிக் கிடந்தால் கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும். சிவந்த கொழுந்தில் நல்ல தேயிலை வராது. நாள் முழுக்க மழையில் நனைந்து பறித்தது லொறி பிந்தியதால் கெட்டுப் போனால் யாருக்குத்தான் வயிறு எரியாது? மடுவங்களை எந்த வரிசையில் சுற்றி வந்தால் ஸ்டோருக்குச் சீக்கிரம் சேரலாம் என்பதைக் கணக்கப்பிள்ளைமாரும் சாரதியும் உட்கார்ந்து பேசித் தீர்மானிக்க வேண்டும். நிறுவை நடக்கும்போது எஞ்சினை நிறுத்திவிடுங்கள். சும்மா நின்று உறுமுகிற லொறி ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு லீற்றருக்கு மேலும் குடிக்கும். தாய்மாரும் கொஞ்சம் உதவ வேண்டும். “அண்ணே, கடைக்கு ஒரு எட்டுப் போயிட்டு வாங்க” என்று சாரதியைக் கேட்காதீர்கள். மூட்டைக்கு மேலே ஏறி உட்கார்ந்து வராதீர்கள், பிள்ளைகளையும் ஏற்றாதீர்கள்.

இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்கிறோம் என்று கியரை நியூட்ரலில் போட்டு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த மிச்சம் வேண்டவே வேண்டாம். சிறிய கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது காய்ந்து, மிதித்தாலும் நிற்காது. இரவு தூங்காத சாரதியைக் காலையில் நீண்ட ஓட்டத்துக்கு அனுப்பாதீர்கள். ஓய்வும் பராமரிப்பில் சேர்ந்ததுதான்.

கடைசியாக, எல்லாவற்றையும் விட முக்கியமானது. இரவு 2 மணிக்கு ஒரு பெண்பிள்ளைக்குப் பிரசவ வலி எடுக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வேண்டும். அந்த நேரத்தில் டாங்கியில் டீசல் இல்லை, பட்டரி வேலை செய்யவில்லை, சாவி யாரிடம் என்று தெரியவில்லை என்றால், நாம் பகலில் மிச்சம் பிடித்த காசுக்கு என்ன மதிப்பு? ஆகவே எங்கள் வேண்டுகோள் இது. தோட்டத்தில் ஒரு வண்டியாவது ஒவ்வொரு மாலையும் பாதி டாங்கிக்குக் குறையாமல் நிற்க வேண்டும். அன்றிரவு எந்தச் சாரதி, சாவி எங்கே என்பதைப் பிள்ளைக் காப்பகத்துச் சுவரிலும் மடுவத்திலும் எழுதிப் போட வேண்டும். இதை நலன்புரிக் குழு நிர்வாகத்திடம் கேட்டு வாங்க வேண்டும். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பின்வரிசையில் இருக்கும் அம்மா, உங்களை எதுக்குக் கூப்பிட்டோம் என்று இப்போது விளங்கியிருக்கும். நாளைக்குக் காலையில் மடுவத்தில் லொறி வந்து நிற்கும்போது, “தம்பி, கொப்பி எழுதுறீங்களா?” என்று நீங்களும் ஒரு வார்த்தை கேளுங்கள்.