கதிர்வீச்சுச் சிகிச்சையில் நோயாளியின் பங்கு



உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் நால்வகைத் தானங்களுள் மருந்தும் ஒன்று. மருத்துவம் பற்றிய தெளிவை வழங்குதலும் அதன்பாற்படும்.

1954ஆம் ஆண்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தை நிறுவினார். இன்று கோவையிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், சில தனியார் மருத்துவமனைகளிலும் கதிர்வீச்சுச் சிகிச்சை நடைபெறுகிறது.

கதிர் நோய்க்கட்டியைத் தானே தேடிச் சென்று தாக்காது. காட்டிய இடத்தையே தாக்கும். ஆதலால் முதலில் நோயாளி படுக்கும் நிலை வரையறுக்கப்படுகிறது. தலை, கழுத்துப் பகுதி நோய்க்கு, வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் தகட்டை முகத்தின்மேல் படியவைத்துக் கவசம் வார்ப்பர். மார்பகப் புற்றாயின் கை தலைக்குமேல் தாங்கியில் வைக்கப்படும். லேசர் ஒளிக்கோடுகள் படும் இடங்களில் அடையாளப் புள்ளிகள் இடப்படும். அதே நிலையில் சிடி ஸ்கேன் எடுத்துத் திட்டம் வகுப்பர்.

பின்னர் ஐந்தாறு வாரங்கள் நாள்தோறும் அந்நிலையே மீளவேண்டும். சில மில்லிமீட்டர் பிறழ்ந்தாலும் கட்டியின் ஓரம் தப்பக்கூடும். அருகிலுள்ள தண்டுவடமோ உமிழ்நீர்ச் சுரப்பியோ வேண்டாத கதிரை ஏற்கக்கூடும். மேசையை நகர்த்தி இடத்தைச் சரிசெய்யலாம். மாறிய கழுத்து வளைவை அவ்வாறு சரிசெய்ய இயலாது. எனவே தோள் வலித்தால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அன்று பொறுத்துக்கொண்ட வலியை முப்பது நாளும் பொறுத்தல் அரிது.

நோன்பு நோற்கும் குடும்பத்தார் மற்றொன்றையும் கருதவேண்டும். சிகிச்சைக்கிடையே உபவாசத்தால் உடல் மெலிந்தால் கவசம் தளரும். உள்ளே முகம் அசையும். மீண்டும் கவசமும் ஸ்கேனும் திட்டமும் தேவைப்படலாம். அடிவயிற்றுச் சிகிச்சையில் சிறுநீர்ப்பை ஒரே அளவில் நிரம்பியிருக்கும் பொருட்டு, குறித்த நேரத்தில் நீர் பருகச் சொல்வதுண்டு. அன்று நீரும் அருந்தாதிருந்தால் குடல் கீழிறங்கிக் கதிரின் வழியில் அமையும்.

ஆகவே நோன்பை மருத்துவரிடம் மறைத்தல் ஆகாது. திட்டமிடும் நாளிலேயே கேட்டுத் தெளிதல் வேண்டும். விரதத்தில் உறுதிகொண்ட முதியோர்க்கு இதனைப் பணிவுடன் எடுத்துரைப்பது மக்களின் கடமை. நோய் தணிந்தபின் நோற்க நாள்கள் உண்டு.

காயோத்சர்க்கத்தில் அசையாது நிற்கப் பழகியது சமண மரபு. அம்மரபினர்க்குச் சிகிச்சை மேசையில் சில நிமிடங்கள் அசைவற்றுக் கிடத்தல் இயலாததன்று.