லிசுபனில் மறந்த நூல்



கல்லூரித் தோழியர் மூவருடன் யான் முதன்முதலாகக் கடல் கடந்து கண்ட நகரம், போர்த்துகல் தலைநகர் லிசுபன். விளாங்குடியிலிருந்து மணல்வைகையைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு, அங்குள்ள டேகஸ் ஆறு கடலெனவே தோன்றியது.

பெலேம் பகுதியில், செரோனிமோ மடத்துத் தேவாலயத்தில் வாஸ்கோ ட காமாவின் கல்லறையும், அவர்தம் கடற்செலவைக் காப்பியமாகப் பாடிய கமோயன்சின் கல்லறையும் ஒத்த சிறப்போடு விளங்குகின்றன. கடலோடிக்கு நிகராகக் கவிஞனையும் வைத்திருக்கிறார்கள்! (அவையோர் இதனைக் குறித்துக்கொள்ளலாம்.) பின்னர், அவ்வூரில் பேர்பெற்ற முட்டைப் பணியாரம் வாங்க நெடுநேரம் வரிசையில் நின்றோம்.

திரும்பும் விமானத்தில் வரலாறு கற்பிக்கும் தோழி வினவினார்: "தமிழின் முதல் அச்சுநூல் இவ்வூரில்தானே அச்சேறியது? எங்களுக்கு அதைப்பற்றிச் சொல்லவே இல்லையே நீ?"

எனக்கு நா எழவில்லை. 1554இல் லிசுபனில் அச்சான 'கார்த்தில்யா'வை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுபவள் நான். அந்நூலைப் பேணிவரும் அருங்காட்சியகம் அம்மடத்துக் கட்டடத்திலேயே உள்ளது.

தமிழை உரோமன் எழுத்தில் பெயர்த்தெழுதிய மறைநூல் அது. தமிழெழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் வெளிவந்தது 1578இல். ஆதலின் முன்னதை முதல் நூலாகக் கொள்ளாதாரும் உளர். யான் கொள்வேன், மொழிக்கு ஒலியன்றோ முதல்? அதனைத் தமிழாக்கியோராகக் குறிக்கப்பெறும் வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கார்வல்யோ, தோமா குரூஸ் ஆகியோர் போர்த்துகீசியப் பெயர் பூண்ட தமிழர் என்பர். அவர்தம் தாயர் இட்ட பெயர்களை நாம் அறியோம்.

அடுத்த பயணத்திற்குத் தோழியர் சீட்டுக் கட்டத் தொடங்கிவிட்டனர். காண வேண்டிய இடங்களின் பட்டியலில் முதல் வரியை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.